நிஜமாவா? கேள்வி வேஷத்துல வர்ற ஆச்சரியம்: அரபியிலும் நம்ம தமிழிலும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

நந்தனம் சிக்னல்ல நின்னு ஒரு ஆட்டோவுக்குக் கை காட்டுறீங்க. "அண்ணா, பாண்டி பஜார். எவ்ளோ?" "250 குடுங்க." உடனே உங்க வாயில இருந்து என்ன வரும்? "250-ஆ?"

இலக்கணப்படி அது ஒரு கேள்வி. கடைசியில 'ஆ' போட்டாச்சு, குரலும் மேல ஏறியாச்சு. ஆனா அந்த அண்ணன் "ஆமாங்க, 250 தான், நீங்க சரியாத்தான் கேட்டீங்க"ன்னு பதில் சொல்றதில்ல. "பின்ன, கேஸ் விக்கிற விலைக்கு சும்மாவா வருவாங்க?" அப்படிம்பார். கேள்விக்கு இன்னொரு கேள்வி. ரெண்டு பேருமே எதையும் தெரிஞ்சுக்கறதுக்காகக் கேட்கல. ஆனாலும் ரெண்டு பேருக்கும் எல்லாம் புரிஞ்சுடுச்சு.

இன்னைக்கு எபிசோட் இந்த மாதிரி கேள்விகளைப் பத்தித்தான். கேள்வி வேஷம் போட்டுக்கிட்டு வர்ற ஆச்சரியம். இதைப் பேச்சு அரபியை வச்சு ஆரம்பிக்கப் போறேன். நம்மள்ல பலருக்கு வீட்டுல ஒருத்தராவது துபாய், ஷார்ஜா, குவைத், தோஹான்னு எங்கயோ இருக்காங்க. அடுத்த வருஷம் நீங்களே கிளம்பினாலும் கிளம்பலாம். ஸ்போக்கன் அரபிக் வீடியோக்கள்ல "எவ்ளோ விலை", "எங்க இருக்கு" எல்லாம் சொல்லித் தர்றாங்க. ஒருத்தர் உங்ககிட்ட ஆச்சரியப்பட்டா அது எப்படிக் காதுல விழும்னு அவ்வளவா சொல்லித் தர்றதில்ல. அது தெரியாம போனா என்ன ஆகும்? என் சித்தி பையனுக்கு நடந்ததைச் சொல்றேன்.

மூணு கேள்வி, ஒரு பாராட்டு

ஷார்ஜாவுல ஒரு குடோன்ல அவனுக்கு வேலை. சேர்ந்து ரெண்டாவது மாசம். ஸ்டாக் கணக்கெடுக்கச் சொல்லியிருக்காங்க. ஒரு வாரம் ஆகும்னு எல்லாரும் நினைச்ச வேலையை, இவன் தனி ஆளா 2 நாள்ல முடிச்சுட்டான். சூப்பர்வைசர் எகிப்துக்காரர். அவர்கிட்ட போய், தெரிஞ்ச அரபியில "முடிஞ்சிருச்சு"ன்னு சொல்லியிருக்கான்.

அவர் வரிசையா மூணு கேள்வி கேட்டார். முதல்ல "வல்லாஹி?" அடுத்து "மஅஊல்?" கடைசியா "இன்த்த இல்லி அமல்த்த தா குல்லு?"

இவன் படிச்ச அகராதி அரபிப்படி அர்த்தம் இதுதான்: "கடவுள் மேல ஆணையா?" "அறிவுக்கு ஒத்து வருதா?" "நீயா இதெல்லாம் செஞ்சே?" பையன் ஆடிப் போயிட்டான். நம்மளை நம்பல, சத்தியம் பண்ணச் சொல்றாங்க, வேற யாரோ செஞ்சதை என் பேர்ல காட்டுறேன்னு நினைக்கிறாங்க. ஓடிப் போய் ரிஜிஸ்டரைக் கொண்டு வந்தான், ஒவ்வொரு ஷீட்டா எடுத்துக் காட்டினான், வேணும்னா கேமராவுல பாருங்கன்னு சொன்னான்.

அவர் முகம் மாறிடுச்சாம். யோசிச்சுப் பாருங்க, அவர் கேட்ட மூணுமே பாராட்டு. நம்ம ஊர்ல சொன்னா, "சத்தியமாவா? நிஜமாவா? நீயாடா இவ்வளவும் பண்ணே?" அதுக்கு எதிர்ல இருக்கறவன் ஆதாரத்தை அள்ளிக் கொட்டினா என்ன தோணும்? "நான் சும்மா ஆச்சரியப்பட்டேன், இவன் ஏன் இப்படிப் பதறுறான்?"னு தோணும். இல்லாத சந்தேகம் அந்தப் பதிலாலயே வந்துடும். அடுத்த சில வாரம் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு இறுக்கம். அப்புறம் கூட வேலை பார்த்த ஒரு மலையாளி அண்ணன்தான் விஷயத்தை விளக்கியிருக்கார்.

இங்க வார்த்தை எதுவுமே புரியாம போகல. எல்லா வார்த்தையும் தெரிஞ்சிருந்துச்சு. அது கேள்வியா, ஆச்சரியமாங்கறதுதான் தெரியல.

பஸ்ராவில் ஒரு அப்பாவும் மகளும்

இந்தக் குழப்பம் அரபிக்கு வெளியில இருந்து வர்றவங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நினைச்சா, ஒரு பழங்கதை இருக்கு. அரபி இலக்கணத்துக்கு முதல் அடி எடுத்து வச்சவர்னு மரபுல சொல்லப்படறவர் அபுல் அஸ்வத் அத்துஅலீ. 7-ம் நூற்றாண்டு, பஸ்ரா நகரம், இன்னைக்கு இராக்ல இருக்கு. ஒரு நாள் அவர் மகள் வானத்தைப் பார்த்து, "மா அஹ்ஸனு ஸ்ஸமாஇ"ன்னு சொன்னாளாம். அப்பா உடனே, "அதோட நட்சத்திரங்கள்"னு பதில் சொன்னாராம்.

ஏன்னா அவ சொன்னதுக்கு இலக்கணப்படி அர்த்தம், "வானத்துலயே ரொம்ப அழகானது எது?" அவ சொல்ல நினைச்சதோ, "வானம்தான் எவ்வளவு அழகு!" அதுக்கு "மா அஹ்ஸன ஸ்ஸமாஅ"ன்னு சொல்லியிருக்கணும். 'நு'வுக்குப் பதிலா 'ன', கடைசியில 'இ'க்குப் பதிலா 'அ'. அவ்வளவுதான் வித்தியாசம். பேச்சுல இப்படி விகுதிகள் கலங்கிப் போறதைப் பார்த்துத்தான் அவர் இலக்கணம் எழுத உட்கார்ந்தார்னு கதை சொல்லுது. இதே கதையை வானத்துக்குப் பதிலா வெயிலை வச்சுச் சொல்ற வடிவமும் உண்டு. நம்ம ஊருக்கு அதுதான் இன்னும் பொருத்தம்!

கதை அப்படியே நடந்ததான்னு ஆராய வேண்டாம். அது எதைக் கவனிச்சிருக்குன்னு பாருங்க. 'மா'ன்னா அரபியில 'என்ன'. அதே 'என்ன' கேள்விக்கும் வருது, வியப்புக்கும் வருது.

இப்போ தமிழுக்கு வாங்க. "என்ன வெயில்!" இதுலயும் அதே 'என்ன' தானே? "எவ்ளோ பெரிய வீடு!" இது சதுர அடி கேட்கற கேள்வியா? "எத்தனை தடவை சொல்றது!" இதுக்கு யாராவது "பதினாலு தடவை"ன்னு பதில் சொன்னா அடி விழும். அரபியில அந்தப் பொண்ணைக் காப்பாத்த ஒரு உயிர் ஒலி இருந்துச்சு. நமக்கு அதுவும் இல்ல. குரலோட ஏத்த இறக்கம் மட்டும்தான்.

நன்னூல் என்ன சொல்லுது?

பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க, மறந்தும் போயிருப்பீங்க. 13-ம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல், வினாவை 6 வகையா பிரிக்குது. தெரிஞ்சுக்கிட்டே கேட்கறது அறிவினா, டீச்சர் கேட்கறது மாதிரி. தெரியாம கேட்கறது அறியா வினா. ரெண்டுல எதுன்னு கேட்கறது ஐய வினா. கடையில போய் "பொன்னி அரிசி இருக்கா?"ன்னா கொளல் வினா, வாங்கறதுக்காக. "குடை இருக்காடா உங்கிட்ட?"ன்னு தன் குடையை நீட்டிக்கிட்டே கேட்டா கொடை வினா. "கடைக்குப் போறியா?"ன்னு அம்மா பையைக் கையில குடுத்துட்டுக் கேட்டா ஏவல் வினா. அதுக்கு "இல்ல"ன்னு பதில் சொல்லிப் பாருங்க, தெரியும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், இந்த 6-ல பாதிக்கு மேல பதிலுக்காகக் கேட்கப்படறதே இல்ல. கேள்விங்கறது ஒரு வடிவம், அது செய்யற வேலை வேறன்னு நம்ம ஆளுங்களுக்கு அப்பவே தெரியும்.

ஆனா இந்தப் பட்டியல்ல ஆச்சரியம் இல்ல. அதைத் தேடினா அதைவிடப் பழைய தொல்காப்பியத்துல, மெய்ப்பாட்டியல்ல கிடைக்குது. மனசுல இருக்கறது உடம்புல தெரியற 8 மெய்ப்பாடுகள்ல ஒண்ணு 'மருட்கை', அதாவது வியப்பு. அது 4 காரணத்தால வரும்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம்.

இந்த நாலையும் நம்ம பேச்சுல வச்சுப் பாருங்க. புதுமை: அண்ணா சாலையைத் தோண்ட ஆரம்பிச்சப்போ, "நந்தனத்துல மண்ணுக்கு அடியில ரயிலா?" பெருமைன்னா இங்க பெருசா இருக்கறது: ஜனவரியில ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல புத்தகக் காட்சிக்கு முதல் தடவை வர்ற நண்பன், "இவ்ளோ கடையா?" சிறுமைன்னா ரொம்பச் சின்னதா இருக்கறது: "இந்த இத்துனூண்டு கார்டுலயா அவ்ளோ படமும் இருக்கு?" ஆக்கம்னா ஒண்ணு இன்னொண்ணா மாறி நிக்கறது: "நேத்து வரைக்கும் தவழ்ந்துக்கிட்டு இருந்த புள்ள, ஸ்கூலுக்குப் போகுதா?"

நாலுமே கேள்வியாத்தான் வருது, கவனிச்சீங்களா? நமக்கு ஆச்சரியம் வந்தா வாய் தானா கேள்விக்குப் போயிடுது. அரபிக்காரருக்கும் அப்படித்தான்.

ஏன் கேள்வியா வருது?

மனசு எப்பவும் ஒரு கணக்கு போட்டு வச்சிருக்கும். ஆட்டோ 120 கேட்பார், தம்பிக்கு ஒரு வாரம் ஆகும், குழந்தை இன்னும் தவழும். அந்தக் கணக்கு உடையற நொடியில, காதுல விழுந்தது உண்மைன்னு தெரிஞ்சும் மனசு அதை உடனே உள்ள விடாது. வாசல்ல நிறுத்தி "யாரு நீ?"ன்னு கேட்கும். அந்த வாசல் கேள்விதான் "250-ஆ?"

மொழியியல்ல இதைத் தனியாவே படிக்கறாங்க. ஸ்காட் டிலான்சிங்கற அமெரிக்க மொழியியலாளர் 1997-ல ஒரு கட்டுரை எழுதினார். பேசறவருக்கு ஒரு தகவல் எதிர்பாராததா இருந்தா, அதைக் காட்டவே சில மொழிகள்ல தனி இலக்கண வடிவம் இருக்குன்னு அதுல வாதிட்டார். அந்தக் கருத்துக்கு 'மிரட்டிவிட்டி'ன்னு பேர். நம்ம 'மிரட்டல்' இல்லைங்க, லத்தீன்ல வியப்புங்கற அர்த்தத்துல இருந்து வந்தது. அதுல முக்கியமானது இதுதான்: எதிர்பார்ப்பு யாரோடது? பேசறவரோடது.

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க. ஆச்சரியக் கேள்வி, கேட்கப்பட்ட விஷயத்தைப் பத்தி ஒண்ணும் கேட்கறதில்ல. கேட்டவர் மனசுல முன்னாடியே என்ன கணக்கு இருந்துச்சுங்கறதை அது வெளியில காட்டிடுது.

பேச்சு அரபியில காதுல விழறவை

இப்போ கொஞ்சம் பிராக்டிகலா போவோம். புத்தக அரபியில கேள்வின்னா வாக்கியத்தோட தலையில 'ஹல்'னோ 'அ'ன்னோ ஒண்ணு வந்து உட்காரும். பேச்சுல பெரும்பாலும் அது கிடையாது. "ராஹ்"னா போயிட்டான். அதையே குரலை ஏத்தி "ராஹ்?"னா போயிட்டானா. அதனால காது ரொம்ப முக்கியம். நான் சொல்ற உச்சரிப்பு தமிழ் எழுத்துல எழுதற அளவுக்குத்தான், சரியா கத்துக்க அரபிக்காரங்க பேசறதைக் கேளுங்க.

முதல் குடும்பம், 'நிஜமாவா?' வகை. வளைகுடாவுல "வல்லா?", எகிப்துல "வல்லாஹி?" நேர் அர்த்தம் கடவுள் மேல ஆணை. ஆனா பேச்சுல நம்ம "சத்தியமா?" மாதிரிதான். நீங்க ஃப்ரெண்டுகிட்ட "சத்தியமா?"ன்னு கேட்கும்போது கற்பூரத்தை அணைச்சுக் காட்டச் சொல்றீங்களா என்ன? இதை முஸ்லிம்கள் மட்டும் சொல்றதில்ல, அரபு கிறிஸ்தவர்களும் சர்வ சாதாரணமா சொல்வாங்க. எகிப்துல "பிகத்?", லெபனான், சிரியா பக்கம் "அன் ஜத்?" ரெண்டும் 'சீரியஸாவா?'. குவைத்துல "ஸிஜ்?", அமீரகத்துல "ஸித்க்?" ரெண்டும் 'உண்மையா?'. குவைத்து ஸிஜ்ஜும் அந்த ஸித்க்கும் ஒரே சொல்தான், பேச்சுல உருமாறியிருக்கு.

ரெண்டாவது, 'இருக்க முடியுமா?' வகை. அறிவுங்கற அர்த்தம் உள்ள 'அக்ல்'ல இருந்து வர்ற சொல். எகிப்துல "மஅஊல்?", லெபனான் பக்கம் "மஅஊலே?", வளைகுடாவுல "மஅகூலா?" எங்க சித்தி பையனைக் கவுத்தது இதுதான்.

மூணாவது, 'என்னது!' வகை. எகிப்துல "ஏ தா?", அமீரகத்துல "ஷூ ஹாதா?", குவைத்துல "ஷினு ஹாதா?" அப்படியே நம்ம "என்ன இது?" சென்னை பாஷையில "இன்னாது?" எகிப்துல "பித்ஊல் ஏ?"ன்னா "என்ன சொல்றே?" நம்ம "என்னங்க சொல்றீங்க!" மாதிரி. ரெண்டு இடத்துலயும், சொன்னதையே திரும்பச் சொல்லணும்னு அவசியம் இல்ல.

நாலாவது, பாராட்டு. எகிப்துல "ஏ இல் ஹலாவா தீ?" லெபனான் பக்கம் "ஷூ ஹல் ஹலாவே?" வார்த்தைக்கு வார்த்தை, "இது என்ன இனிப்பு?" நீங்க புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போகும்போது இதைக் கேட்டா, "இனிப்பு எதுவும் கொண்டு வரலையே"ன்னு பையைத் தேடாதீங்க. "இவ்ளோ அழகா இருக்கியே!"ன்னு அர்த்தம். "ஷுக்ரன்"னு சொல்லிச் சிரிச்சா போதும்.

அஞ்சாவது, பாசம். ரொம்ப நாள் கழிச்சுப் பார்த்தவர் "வேனக்?"னு கேட்பார். எகிப்துல "ஃபேனக்?" ரெண்டும் "எங்க இருக்கே?" நேர்ல நின்னுக்கிட்டே கேட்பாங்க! "எங்கடா போயிட்டே, ஆளையே காணோம்?" அவ்வளவுதான். அட்ரஸ் சொல்ல வேண்டாம்.

நம்ம 'ஆ'வும் அவங்க 'இல்லி'யும்

தமிழ்ல இதுக்கு ஒரு அருமையான கருவி இருக்கு. அந்த 'ஆ'. அதை எங்க வேணா ஒட்டலாம், எங்க ஒட்டுறீங்களோ அங்கதான் உங்க கணக்கு உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். "அக்கா நேத்து நந்தனத்துல புக் வாங்கினாங்க." இதை எடுத்துக்கோங்க.

"அக்காவா வாங்கினாங்க?" அவங்க படிக்கவே மாட்டாங்களே. "நேத்தா?" நேத்து அவங்க ஊர்லயே இல்லையே. "நந்தனத்துலயா?" வீட்டைத் தாண்டி எங்கயும் போக மாட்டாங்களே. "புக்கா?" புடவைன்னுல்ல நினைச்சேன். "வாங்கினாங்களா?" எப்பவும் இரவல்தானே வாங்குவாங்க. ஒரே ஒரு உயிரெழுத்து, அக்காவைப் பத்தி நீங்க மனசுல வச்சிருந்த அஞ்சு அபிப்பிராயம் வெளிய வந்துடுச்சு.

பேச்சு அரபியில இப்படி எங்க வேணா ஒட்டற ஒரு 'ஆ' பொதுவா இல்ல. ஆளைக் குறிச்சு ஆச்சரியப்படணும்னா வாக்கியத்தையே மாத்திக் கட்டுவாங்க. "இன்த்த இல்லி அமல்த்த தா?" 'இல்லி'ன்னா 'செஞ்சது யாரோ அந்த ஆள்'. அதாவது, "இதைச் செஞ்சது நீயா?" பொண்ணுகிட்ட கேட்டா 'இன்த்த' போய் 'இன்த்தி' வரும். 'இல்லி' காதுல விழுந்தா உஷாராகணும். ஆச்சரியம் வேலையில இருந்து ஆள் மேல நகர்ந்திருக்கு.

ஆள் மேல வந்த ஆச்சரியத்துக்கு ரெண்டு முகம். "நீயா செஞ்சே?"ன்னு ஒரு அம்மா, மகன் வச்ச முதல் ரசத்தை ருசி பார்த்துட்டுக் கேட்பாங்க. "நீயா செஞ்சே?"ன்னு அதே அம்மா, உடைஞ்ச கண்ணாடியைக் காட்டியும் கேட்பாங்க. அரபு அணி இலக்கணக்காரங்களும் இதைக் கவனிச்சிருக்காங்க. கேள்வி தன் சொந்த வேலையை விட்டுட்டு மறுப்பு, வியப்பு, கண்டிப்பு மாதிரி வேலைகளுக்குப் போகும்னு பட்டியல் போட்டிருக்காங்க. எது எங்கன்னு சொல்றது சூழ்நிலைதான்.

ஒரு குட்டித் தகவல். அரபியில 'சுஆல்'னா கேள்வி. அது பாரசீகம், உருது வழியா தமிழுக்கு வந்து 'சவால்' ஆச்சு. கேள்வின்னு கிளம்பின சொல், நம்மகிட்ட வந்து சேரும்போது 'முடிஞ்சா செஞ்சு காட்டு' ஆயிடுச்சு. ஆச்சரியக் கேள்விக்கும் அதே ஆபத்து உண்டு. பாராட்டா கிளம்பி, போய்ச் சேரும்போது சவாலா மாறிடும்.

காயப்படுத்தற ஆச்சரியம்

நான் படிப்பை முடிச்ச புதுசுல ஒரு இன்டர்வியூ. கம்பெனி பேர் வேண்டாம். எதிர்ல இருந்தவர் என் ரெஸ்யூமைப் பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "கவர்மென்ட் காலேஜா? அப்புறம் எப்படி இவ்ளோ நல்லா இங்கிலீஷ் பேசுறீங்க?" முகத்துல சிரிப்பு, நிஜமான சந்தோஷம். கெட்ட எண்ணம் துளி இல்ல.

ஆனா அந்தக் கேள்விக்கு முன்னாடி அவர் மனசுல இருந்த கணக்கு என்ன? கவர்மென்ட் காலேஜ்ல படிச்சவங்களுக்கு இங்கிலீஷ் வராது. அவர் என்னைப் பாராட்டினார், என்கூட படிச்ச அத்தனை பேரையும் அதே மூச்சுல கீழ இறக்கிட்டார்.

இதை நீங்களும் கேட்டிருப்பீங்க. "பொண்ணா வண்டியை இவ்ளோ அழகா ரிவர்ஸ் எடுத்தே?" "ஹவுசிங் போர்டுல இருந்தா வர்றீங்க? பார்த்தா தெரியவே இல்லையே?" "இவ்ளோ கருப்பா இருக்கே, உங்க அக்காவா அது?" எல்லாம் ஆச்சரியம்தான், பல நேரம் அன்போடதான் வரும். 'ஆ' எங்க ஒட்டியிருக்குன்னு பாருங்க. பொண்ணா. போர்டுல இருந்தா. அந்த 'ஆ'தான் கணக்கைக் காட்டிக்கொடுக்குது.

வெளிநாட்டுல இது இன்னும் கூர்மையா விழும். அங்க நம்ம நிறம், பாஸ்போர்ட், செய்யற வேலை எல்லாத்துக்கும் முன்கூட்டியே ஒரு கணக்கு போட்டிருப்பாங்க. "இன்த்த?"ன்னு ஒரே ஒரு சொல்லை, "நீயா?"ன்னு, மேல இருந்து கீழ பார்த்துக்கிட்டே கேட்கறவர் உண்டு. தோளைத் தட்டிக்கிட்டே கேட்கறவரும் உண்டு. சொல் ஒண்ணுதான். அதனால எல்லாத்தையும் அவமானமா எடுத்துக்கிட்டா சித்தி பையன் கதை ஆகும். எல்லாத்தையும் பாராட்டா எடுத்துக்கிட்டா, நம்மளை எங்க நிறுத்தியிருக்காங்கன்னே தெரியாம போகும்.

எப்படிக் கண்டுபிடிக்கறது, என்ன சொல்றது?

நான் வச்சிருக்கற சின்னச் சோதனைகள் மூணு.

ஒண்ணு, காத்திருக்காரா பாருங்க. நிஜக் கேள்வி கேட்டவர் பதிலுக்காக நிப்பார். ஆச்சரியப்பட்டவர் நிக்க மாட்டார், அடுத்த வார்த்தைக்குப் போயிட்டிருப்பார். எகிப்து சூப்பர்வைசர் மூணு கேள்வியையும் மூச்சு விடாம கேட்டார். பதில் வேணும்னா நடுவுல இடம் விட்டிருப்பாரே.

ரெண்டு, சின்னப் பதில் குடுத்துப் பாருங்க. "வல்லா?"ன்னா வளைகுடாவுல "ஈ வல்லா", எகிப்துல "ஆ வல்லாஹி", அதாவது "ஆமா, சத்தியமா". ஆணை போடற மாதிரி சொல்லப் பிடிக்கலைன்னா "அகீத்", அதாவது "நிச்சயமா". சொல்லிட்டு நிறுத்துங்க. ஆச்சரியம்னா அதோட முடிஞ்சிரும். சந்தேகம்னா அவரே அடுத்த கேள்விக்கு வருவார், அப்போ ரிஜிஸ்டரை எடுத்துக்கலாம். ஆதாரத்தை முதல் கேள்விக்கே நீட்டாதீங்க.

மூணு, அவர் கணக்கு என்னன்னு பாருங்க. ஆச்சரியம் வேலை மேலயா, ஆள் மேலயா? வேலை மேலன்னா நன்றி சொல்லுங்க. ஆள் மேலன்னா, அதுவும் கீழ இறக்கற மாதிரி இருந்தா, நன்னூல்கிட்ட ஒரு மருந்து இருக்கு. விடையை அது 8 வகையா பிரிக்குது. அதுல ஒண்ணு 'வினா எதிர் வினாதல்', கேள்விக்குக் கேள்வியாலயே பதில். "சாப்பிடுவியா?"ன்னா "சாப்பிடாம இருப்பேனா?" நந்தனம் சிக்னல் ஆட்டோ அண்ணன் சொன்னாரே, அதுவும் அதேதான். "கவர்மென்ட் காலேஜா? எப்படி இங்கிலீஷ்?"னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே, "ஏன் சார், வராதா?" அரபியில "லேஷ் லா?", எகிப்துல "லே லஅ?" ரெண்டும் "ஏன் கூடாது?" சண்டை இல்ல, விளக்கம் இல்ல. அவர் கணக்கை அவர் கையிலயே திருப்பிக் குடுத்துடறீங்க. அதைப் பார்த்துத் திருத்திக்கறதா வேண்டாமாங்கறது அவர் பாடு.

என் சித்தி பையன் இப்போ அங்கேயேதான் இருக்கான், அதே சூப்பர்வைசர்கிட்ட. இப்பல்லாம் அவனே எகிப்துக்காரங்க மாதிரி "வல்லாஹி? மஅஊல்?"னு அடிக்கடி கேட்கறான், வீட்டுக்குப் போன் பண்ணும்போதுகூட. சித்திதான் "என்னடா உளர்றே?"ன்னு கேட்கறாங்க. அதுவும் கேள்வி இல்லைங்கறது அவனுக்குத் தெரியும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. ஒரே ஒரு நாள், நீங்க கேட்கற ஆச்சரியக் கேள்விகளை மட்டும் எண்ணுங்க. அடுத்தவங்க கேட்கறதை வேண்டாம், நீங்க கேட்கறதை. ஒவ்வொண்ணுலயும் 'ஆ' எங்க ஒட்டுதுன்னு பாருங்க. விலை மேலயா, வேலை மேலயா, ஆள் மேலயா? ஆள் மேலன்னா, அந்த ஆளைப் பத்தி என்ன நினைச்சு வச்சிருந்தீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. பட்டியலை எங்களுக்கு அனுப்புங்க, நல்லா இருக்கறதை அடுத்த எபிசோட்ல வாசிக்கறேன்.

"இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிருச்சா?"ன்னு நீங்க கேட்டா, அதைப் பாராட்டாவே எடுத்துக்கறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.